அனிமேஷன் படத்துக்குத் தியேட்டர் வரை போகத்தான் வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு எட்டு வயதில் மகள், நாலு வயதில் மகன். வீட்டில் 55 இன்ச் டிவி, அதன் கீழே ஒரு சவுண்ட்பார். குடும்பத்தோடு மல்டிபிளக்ஸ் போய் வந்தால் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்ந்து 1,500 ரூபாய் பழுத்துவிடுகிறது. கொஞ்ச நாள் பொறுத்தால் அதே படம் ஓடிடிக்கு வந்துவிடும். அப்புறம் எதற்குத் தியேட்டர்? 'தி வைல்ட் ரோபோ' படத்தை அப்படிப் பொறுத்திருந்து வீட்டில்தான் பார்த்தார்களாம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஊரே புகழ்கிற அளவுக்கு என்ன இருக்கிறது என்று புரியவில்லை, மகன் பாதியில் எழுந்து போய்விட்டான் என்கிறார்.

நான் பதினைந்து வருடமாகத் தியேட்டர்களில் புரொஜெக்டரும் சவுண்டும் பொருத்துகிற, சர்வீஸ் செய்கிற வேலையில் இருக்கிறேன். அதனால் 'தியேட்டர் அனுபவமே தனி சார்' என்று ஆரம்பிப்பேன் என நினைத்துவிடாதீர்கள். புரொஜெக்டர் கேபினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. அதே 'வைல்ட் ரோபோ'வை நான் தியேட்டரில் ஒரு முறையும், சில மாதம் கழித்து வீட்டில் ஒரு முறையும் பார்த்தேன். இரண்டு தடவையும் பக்கத்தில் என் இரண்டு பிள்ளைகள். இடையில் எது மாறியது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையைக் கழித்துவிடலாம். காட்சியின் தெளிவுக்காகத் தியேட்டருக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊரில் நிறைய ஸ்க்ரீன்களில் இருப்பது 2கே புரொஜெக்டர்தான்: குறுக்கே 2048 புள்ளிகள், நெடுக்கே 1080. உங்கள் 4கே டிவியில் அதைப் போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. வெளிச்சத்திலும் அப்படித்தான். தியேட்டர் திரைக்கு வகுத்த அளவு 48 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). சுமாரான டிவியே இருநூறு முந்நூறைத் தாண்டும். அந்த 48-ஐயும் எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. புரொஜெக்டருக்குள் எரியும் செனான் லேம்புக்கு ஆயுள் மணிக்கணக்கில் எழுதியே வரும். அது முடிந்த பிறகும் 'இன்னும் ஒரு மாசம் ஓடட்டும்' என்று ஓட்டுகிற இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் நல்ல ஓஎல்இடி டிவியோடு சாதாரணப் புரொஜெக்டர் போட்டியே போட முடியாது.

ஆனால் அளவு இருக்கிறதே, அது வேறு விஷயம். ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தால் 55 இன்ச் டிவி உங்கள் பார்வையில் சுமார் 25 டிகிரியை அடைக்கும். தியேட்டரில் நடு வரிசையில் உட்கார்ந்தால் அதைப் போல இரண்டு மடங்கை ஒட்டி வரும். எல்லாப் படத்துக்கும் இது பெரிதாக உதவாது. பேசும் முகங்களை அருகில் காட்டிக் கொண்டே போகிற படத்தில் முகம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். 'வைல்ட் ரோபோ' அப்படிப்பட்டதல்ல. இயக்குநர் கிறிஸ் சாண்டர்ஸ், ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் காட்டில் பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய ஓவியம் போல இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அதைச் செய்யவைத்தார். இலைக்கு இலை, மயிருக்கு மயிர் கணக்குப் போட்டுக் காட்டும் வழக்கமான கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுத் தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி காட்டைத் தீட்டியிருக்கிறார்கள். ராஸ் என்கிற அந்த ரோபோ மட்டும் ஆரம்பத்தில் கடையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி பளபளவென்று, காட்டோடு ஒட்டாமல் நிற்கும். நாளாக ஆக அடிபட்டு, பாசி படிந்து, அதுவும் ஓவியமாகிக் கொண்டே போகும். தியேட்டரில் இதை நான் கவனித்தேன். வீட்டில் பார்த்தபோது, முன்பே தெரிந்திருந்தும், தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, இதெல்லாம் சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம் சத்தத்தில் இருக்கிறது. சத்தம் என்றால் அதிர்வும் வெடியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது சத்தம் இல்லாத இடங்களைப் பற்றி.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில், படப்பிடிப்பில் விழுந்த ஒலி கொஞ்சமாவது இருக்கும். அனிமேஷனில் பூஜ்யம். ஒரு வாத்து இறகை உதறினால் அந்தச் சிறகொலியை யாரோ ஒருவர் யோசித்து, பதிவு செய்து, வைத்தால்தான் உண்டு. எனவே அனிமேஷன் படத்தில் மௌனம் என்பது தானாக வந்ததாக இருக்கவே முடியாது. அதுவும் யாரோ வைத்ததுதான். 'வைல்ட் ரோபோ'வுக்கு ஒலி அமைத்தவர்களில் ராண்டி தாம் ஒருவர். 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தின் ஒலிக்காக ஆஸ்கர் வாங்கியவர். இந்தப் படமும் ஒலிக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கப்பல் உடைந்து மனிதரில்லாத தீவொன்றில் ஒரு ரோபோ ஒதுங்குகிறது. அதன் கால் இடறி ஒரு வாத்துக் கூடு நசுங்குகிறது, ஒரே ஒரு முட்டை மிஞ்சுகிறது. அதிலிருந்து வரும் குஞ்சுக்குத் தின்ன, நீந்த, பறக்கக் கற்றுக்கொடுத்து, குளிர்காலத்துக்கு முன் கூட்டத்தோடு வலசை அனுப்ப வேண்டும். பிள்ளையை வெளியூர் அனுப்பிய எந்த அம்மாவுக்கும் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. அந்த வலசைக் காட்சியில் பேச்சு மிகக் குறைவு. கிரிஸ் பவர்ஸின் இசை மெல்ல ஏறுகிறது, ஆயிரக்கணக்கான பறவைகள் எழும்புகின்றன, கீழே ராஸ் நிற்கிறது. தியேட்டரில் அந்த நேரத்தில் என் மகனுக்கு ஐந்து வயது. பாப்கார்ன் டப்பாவுக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை. வீட்டில் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் சத்தம் கேட்டது, அடுக்களையில் விசில் அடித்தது, 'அப்பா, தண்ணி' என்றான்.

இதைப் பிள்ளைகளின் குற்றமாக நினைக்காதீர்கள். வீட்டில் ஒரு படம் மௌனமாகும்போது அந்த இடத்தை வீடு நிரப்பிவிடும். பேச்சு ஓடிக்கொண்டே இருந்தால் பிள்ளையின் கவனம் ஒரு காதாலாவது கட்டுண்டு கிடக்கும். பேச்சு நின்ற நிமிடம் அவிழ்ந்துவிடும். தியேட்டரில் விளக்கில்லை, வேறு பார்க்க எதுவும் இல்லை, முன்பின் தெரியாத நூறு பேர் ஒரே பக்கம் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். குழந்தை அந்த மௌனத்தை வேறு வழியில்லாமல் கடக்கிறது. கடந்த பிறகுதான் படம் அதற்குள் போகிறது. உங்கள் மகன் எந்த இடத்தில் எழுந்து போனான் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் பேசாத இடமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே ஒரு குடும்பப் படத்துக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டால், படம் நன்றாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. பேசாமல் இருக்கத் தெரிந்த படமா என்று பார்ப்பேன். டிரெய்லர் முழுக்க விலங்குகள் வாய் ஓயாமல் ஜோக் அடிக்கின்றனவா? வீட்டில் பாருங்கள், ஒன்றும் குறையாது. சில சமயம் வீட்டில்தான் மேல், பிடித்த ஜோக்கைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

இந்த விஷயத்தில் நானே ஒரு தவறு செய்தேன். அந்த வருடம் 'வைல்ட் ரோபோ'வைத் தோற்கடித்து அனிமேஷன் ஆஸ்கரை வாங்கியது 'ஃப்ளோ' என்ற லாட்வியப் படம். கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் என்கிற இளைஞர், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. வெள்ளத்தில் ஒரு பூனை, ஒரு நாய், கேபிபாரா என்கிற பெருத்த கொறிக்கும் பிராணி, லெமூர், ஒரு பெரிய பறவை, ஒரு படகு. படம் முழுக்க ஒரு வார்த்தை வசனம் கிடையாது. இதில் ஒரு தமாஷ்: விலங்குகளின் ஒலியெல்லாம் நிஜ விலங்குகளிடமிருந்தே எடுத்தார்கள். ஆனால் நிஜக் கேபிபாராவின் கீச்சுக் குரல் அந்தச் சாந்தமான உருவத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத படம்தானே என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் போட்டேன். இருபதாவது நிமிடத்தில் ஹாலில் நான் மட்டும்தான் இருந்தேன். மகள் திரும்பி வந்து, 'பூனை செத்துப்போச்சா?' என்று கேட்டுவிட்டுப் போனாள். என் கணக்கில், நான் சொன்ன இரண்டு படங்களில் தியேட்டர் அதிகம் தேவைப்படுவது அந்தச் சின்னப் படத்துக்குத்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டுத் தியேட்டர்காரர்கள் அந்த மௌனத்தை என்ன செய்கிறார்கள் என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சவுண்ட் பிராசஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஃபேடர் என்று ஒன்று இருக்கும். மிக்ஸிங் அறையில் 7-ல் வைத்துக் கேட்டுத்தான் படத்தை முடிக்கிறார்கள், தியேட்டரையும் 7-க்குத்தான் டியூன் செய்து கொடுப்போம். ஆனால் படத்துக்கு முன் வரும் விளம்பரங்கள் கத்தும். யாராவது எழுந்து போய்ச் சத்தம் போடுவார்கள். ஆபரேட்டர் 4.5-க்கு இறக்குவார். படம் ஆரம்பித்த பிறகு ஏற்ற மறந்துவிடுவார். விளம்பரம் செய்த பாவத்தைப் படம் சுமக்கும். மெல்லிய ஒலிகள் ஏசி இரைச்சலில் கரைந்துபோகும். படம் தொடங்கிப் பத்து நிமிடமாகியும் பேச்சே காதில் சரியாக விழவில்லை என்றால் வெளியே வந்து சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். சொன்னால் செய்வார்கள், யாரும் சொல்வதில்லை.

அப்புறம் இடைவேளை. ஹாலிவுட் படத்தில் இடைவேளைக்கென்று இடம் வைத்து எழுதுவதில்லை. இங்கே சர்வரில் பிளேலிஸ்ட் போடும்போது எங்காவது ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லிப் பதிவு செய்கிறோம். கேன்டீன் வருமானம் அதில் இருக்கிறது, எனவே நிறுத்தாமலும் இருக்க மாட்டார்கள். 'வைல்ட் ரோபோ' 102 நிமிடம். சரி பாதி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், வலசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நான் பார்த்த காட்சியில், ஊர் பேர் வேண்டாம், அந்தப் பறவைக் கூட்டம் கண்ணை விட்டு மறையுமுன்பே விளக்கைப் போட்டுவிட்டார்கள். சமோசா விளம்பரம். என் தொழிலை நானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வசூல் பக்கம் ஒரு பார்வை, ஏனென்றால் 'பொறுத்தால் வீட்டுக்கே வரும்' என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது அதில் தெரியும். கொரோனா காலத்தில் டிஸ்னி தன் பிக்ஸார் நிறுவனத்தின் 'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' மூன்றையும் அமெரிக்காவில் நேராக ஓடிடியில் போட்டது. குடும்பங்கள் பழகிவிட்டன. அதே பிக்ஸாரின் 'எலிமென்டல்' 2023-ல் தியேட்டருக்கு வந்தபோது முதல் வாரம் கூட்டமே இல்லை, படுத்துவிட்டது என்று எழுதினார்கள். பிறகு வாய் வழியாகப் பரவி, உலக அளவில் கிட்டத்தட்ட 50 கோடி டாலரில் போய் நின்றது. 'வைல்ட் ரோபோ' அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 27-ல் வெளியாகி, அக்டோபர் 15-லேயே வாடகைக்கு வீட்டில் கிடைத்தது. பதினெட்டே நாள். அப்படியும் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, மொத்தம் 33 கோடி டாலர் சேர்ந்தது.

இதையெல்லாம் தூக்கி அடித்தது 'கேபாப் டீமன் ஹண்டர்ஸ்'. 2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்த படம். பிள்ளைகள் வீட்டில் பத்துப் பதினைந்து தடவை பார்த்துப் பாட்டெல்லாம் மனப்பாடம் செய்த பிறகு, ஆகஸ்ட் 23, 24 இரண்டு நாள் மட்டும் கூடவே பாடுகிற காட்சிகளாக அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் தியேட்டரில் போட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் வசூலைச் சொல்லவில்லை, ஆனால் வர்த்தகக் கணிப்பாளர்கள் அந்த வார இறுதிக்கு அமெரிக்காவில் அதற்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிற படத்துக்குக் காசு கொடுத்துப் போனவர்கள் படத்துக்காகப் போயிருக்க முடியாது. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கத்திப் பாடப் போனார்கள். மௌனம் என்று நான் சொன்னதற்கு நேர் எதிர், ஆனால் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பக்கத்தில் ஆள் இருப்பது. 2019-ல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது சிங்கம்புலியும் ரோபோ சங்கரும் டிமோன், பும்பாவுக்குப் பேசியிருந்தார்கள். தியேட்டரில் சிரிப்பு அடங்காமல் அடுத்த வசனமே காதில் விழவில்லை. வீட்டில் அதே இடத்தில் புன்னகைத்தேன். (ரோபோ சங்கர் இன்று இல்லை. பும்பா என்ற அந்தப் பன்றிக்கு இனி வேறு குரலை மனம் ஏற்காது.)

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சப்டைட்டில் ஓட்டத்துக்குப் படிக்க முடியாத வயதென்றால் தமிழ் டப்பிங் இருக்கிற காட்சிக்கே போங்கள். ஆங்கிலம் 'பழகட்டும்' என்று இழுத்துப்போனால் ரெண்டு மணி நேரம் உங்கள் காதில் 'என்ன சொல்றான், என்ன சொல்றான்' என்று ஓடும். பின்வரிசைக்காரரும் மனிதர்தான்.

வயது. நம் தணிக்கையில் 2024 முதல் யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும்போது அதைப் பாருங்கள். 'கார்ட்டூன்தானே' என்று நினைத்து, 2025-ல் வந்த 'மகாவதார் நரசிம்மா'வுக்குச் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் கடைசி அரை மணி நேரம் பட்ட பாடு எனக்குத் தெரியும். தூணைப் பிளந்து வருகிற நரசிம்மரைப் பாட்டி சொல்லிக் கேட்பது வேறு, நாற்காலி அதிர நேரில் பார்ப்பது வேறு. 'வைல்ட் ரோபோ'விலும் ஆரம்பத்திலேயே வாத்துக் குடும்பம் சாகிறது. ரத்தம் காட்டுவதில்லை, ஆனால் கேள்வி வரும். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வந்த கேள்வி நல்லவேளையாக வேறு: அந்த வாத்துகள் நிஜமாகவே அவ்வளவு தூரம் போகுமா? நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது என்று சொன்னேன். ஜனவரியில் கூட்டிப்போய்க் காட்டினேன். பெட்ரோல் செலவு தியேட்டர் செலவைவிட அதிகம்.

எந்த தியேட்டர் என்பது பெரிய கணக்கு, சுருக்கமாகச் சொல்கிறேன். 3டி வேண்டாம். கண்ணாடி போட்டதும் திரை வெளிச்சத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகும். சின்ன முகத்தில் கண்ணாடி நிற்காது, பிள்ளை படம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். லேசர் புரொஜெக்டர் என்று போட்டிருந்தால் அந்த ஸ்க்ரீனைத் தேர்ந்தெடுங்கள், லேம்ப் மங்கும் தொல்லை மிகக் குறைவு. சுவரோரச் சீட்டு வேண்டாம். தலைக்கு மேலேயே சர்ரவுண்ட் ஸ்பீக்கர் இருக்கும், குழந்தை அந்த ஒரு பெட்டியின் சத்தத்தை மட்டும் கேட்டு மிரளும். நடுவில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடைபாதை ஓரமாக ஒரு சீட்டாவது இருக்கட்டும், பாத்ரூமுக்கு. காலைக் காட்சிக்குப் போங்கள், தூக்கக் கலக்கம் இருக்காது. வீட்டிலேயே வயிறு நிறைய ஏதாவது கொடுத்துவிட்டு, பாப்கார்னைச் சின்னதாக வாங்குங்கள். டிக்கெட் விலைக்காவது நம் மாநிலத்தில் அரசு உச்சவரம்பு இருக்கிறது, பாப்கார்னுக்கு எவரும் வரம்பு கட்டவில்லை.

உங்கள் வீட்டுக்கு என்று கேட்டால், வருடத்துக்கு இரண்டு படம் போதும். மற்றதையெல்லாம் குற்றவுணர்ச்சி இல்லாமல் டிவியில் பாருங்கள். அந்த இரண்டில் ஒன்றுக்கு மகளை மட்டும் கூட்டிப்போங்கள். எட்டு வயது என்பது ஒரு படத்தை முழுதாக வாங்கிக்கொள்ளும் வயது, தம்பியைச் சமாளிக்கும் வேலை அதைக் கெடுக்கும். நாலு வயசுக்காரனுக்கு இப்போது முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார முடிந்தாலே பெரிய விஷயம். அழுதால் வெளியே தூக்கி வந்துவிடுங்கள், காசு போனால் போகட்டும். பயந்த நினைவோடு தியேட்டரைப் பழகினால் அடுத்த தடவை வாசலிலேயே அழுவான்.

'வைல்ட் ரோபோ' தியேட்டரை விட்டுப் போய் நாளாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை இரவு மறுபடி போட்டுப் பாருங்கள். டிவி செட்டிங்கில் மோஷன் ஸ்மூத்திங் என்றோ வேறு பெயரிலோ ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். தூரிகை வேலையை அது வழுக்கலாக்கி சீரியல் மாதிரி காட்டிவிடும். சவுண்ட்பாரில் நைட் மோட் இருந்தால் அதையும் எடுங்கள், மெல்லிய ஒலியும் இடியும் ஒரே அளவில் கேட்பது அதனால்தான். விளக்கை அணையுங்கள், போன்கள் அடுத்த அறையில் இருக்கட்டும், வெயில் காலமில்லை என்றால் ஃபேனை ஒன்றில் வையுங்கள். சோஃபாவை டிவிக்கு ஆறடி தூரத்துக்கு இழுத்துப் போடுங்கள். இடைவேளை மட்டும் விடாதீர்கள். யாருக்காவது அவசரம் என்றால், அந்த வாத்து பறந்து போன பிறகு நிறுத்துங்கள்.